கையில் வாங்கிய தண்ணீர்

1

இந்த ஊரில் ஒருவரை மதிக்கிறார்கள் என்றால் ஊட்டி விடுகிறார்கள். கிண்டல் செய்வதாக நினைக்க வேண்டாம். எத்தியோப்பியாவின் மலைநாட்டில், டெஸ்ஸி என்கிற இந்தக் குளிர் பிடித்த ஊரில், விருந்துக்குப் போனால் நடுவில் ஒரு பெரிய தட்டு வைப்பார்கள். தட்டு முழுக்க இன்ஜெரா. நம் ஆப்பத்துக்கும் தோசைக்கும் நடுவில் ஒரு புளித்த பலகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் காரக் குழம்பு. எல்லோரும் அந்த ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிடுவார்கள். அது போதாதென்று வீட்டுக்காரி ஒரு கவளத்தைச் சுருட்டி, தன் கையாலேயே விருந்தாளியின் வாயில் வைப்பாள். அதற்குக் குர்ஷா என்று பெயர். வாயை மூடிக்கொண்டால் அவளை அவமானப்படுத்தியதாக அர்த்தம்.

போன ஞாயிற்றுக்கிழமை, நான் இங்கே ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் ஏழாம் வகுப்பில் படிக்கிற ஒரு பையனின் அம்மா எனக்குக் குர்ஷா நீட்டினாள். டம்ளரை உதட்டில் வைத்தால் தலையில் குட்டு விழுகிற உறையூர் வீட்டில் வளர்ந்தவள் நான். ‘எச்சில்’ என்ற சொல்லைக் கேட்காமல் ஒரு நாள் போனதில்லை. இங்கே வந்து பத்து வருஷமாகியும் இந்த ஒரு விஷயத்தில் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு மாட்டிக்கொண்டேன். பக்கத்தில் என் மகள் கோதை. பதினொரு வயது. இந்த ஊர்ப் பிள்ளை மாதிரியே தட்டில் புகுந்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

“வாயைத் திறம்மா. அவங்களுக்குக் கை வலிக்குது பாரு” என்றாள்.

திறந்தேன், விழுங்கினேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரம் தாங்கவில்லை என்று எல்லோரும் சிரித்தார்கள். காரமும்தான். ஆனால் எனக்கு அந்த நிமிஷம் ஸ்ரீரங்கத்தில் நான் பாடம் நடத்திய ஏழாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளைப் பற்றி நான் யாருக்கும் எழுதியதே இல்லை. நேரில் சொன்னபோதும் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். எழுதினால் முழுக்கச் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

2

கல்யாணத்துக்கு முன்னால், ஐம்பதுகளின் கடைசியில், ஸ்ரீரங்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தேன். தினமும் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டிப் போக வேண்டும். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் இருந்த வைஷ்ணவ வீடுகளிலிருந்து வந்தவர்கள். அசாத்திய வாயாடிகள்.

என் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். எந்தக் கதை நடத்தினாலும் முடிவில் ஒரே கேள்விதான். “இதில் யார் தைரியசாலி? ஏன்?” விடை புத்தகத்தில் இருக்காது, என்னிடமும் இருக்காது. அவர்களே அடித்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வர வேண்டும். பரீட்சைக்கு வராத கேள்வி என்று தெரிந்தும் இதற்குத்தான் அப்படிச் சண்டை போடுவார்கள். சத்தம் பொறுக்காமல் பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் சுவரைத் தட்டுவார். நான் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவேன்.

அந்த வருஷம் பள்ளி திறந்ததும் ஜெய்புன் சேர்ந்தாள். அவளுடைய அப்பா காதர் பாய்க்கு வீடு திருச்சி கோட்டைப் பக்கம், சைக்கிள் கடை ஸ்ரீரங்கத்தில். அவர்கள் தெருவில் அந்த வயசுப் பெண்ணை வெளியே படிக்க அனுப்புகிற பழக்கம் இல்லை. அவர் வீட்டில் எல்லோரோடும் மல்லுக்கட்டித்தான் அனுப்பினார். ஒரே நிபந்தனை, காலையில் அவரே சைக்கிளில் கூட்டி வந்து சாயங்காலம் அவரே கூட்டிப் போக வேண்டும். அதனால் கடைக்கு அருகிலிருந்த எங்கள் பள்ளி. இதை விட்டால் அவளுக்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது, வீடுதான்.

வந்த அன்றைக்கே அவள் ஒரு தப்புச் செய்தாள். தப்பு என்று அந்த ஊர் மட்டுமே நினைக்கக்கூடிய தப்பு. வராந்தாக் கோடியில் ஒரு பித்தளை அண்டாவில் குடிதண்ணீர் இருக்கும். பங்கஜம் மாமி என்று ஒருவர், கணவர் இல்லாதவர், இந்த ஒரு வேலையை நம்பி ஜீவனம் செய்தவர், செம்பில் மொண்டு டம்ளரில் ஊற்றுவார். பள்ளிக்கு மொத்தமும் அந்த ஒரு டம்ளர்தான். பிள்ளைகள் அண்ணாந்து, உதட்டில் படாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பார்கள். ஜெய்புன்னின் வீட்டில் வாய் வைத்துத்தான் குடிப்பார்கள். அவள் டம்ளரை வாங்கி நிதானமாக உதட்டில் வைத்து உறிஞ்சினாள்.

“ஐயய்யோ, எச்சில் பண்ணிட்டாளே!” என்று மாமி கத்தியது வகுப்பு வரைக்கும் கேட்டது.

டம்ளருக்குப் புளி போட்டுத் தேய்ப்பு நடந்தது. மறுநாளிலிருந்து ஜெய்புன்னுக்கு மட்டும் டம்ளர் கிடையாது. உயரத்திலிருந்து கையில் ஊற்றினார் மாமி. மாமி கெட்டவர் இல்லை. யாராவது ஒரு வீட்டில் முகம் சுளித்தால் அவர் வேலை போய்விடும், அந்தப் பயம். ஜெய்புன் வீட்டில் இரண்டு மூன்று நாள் சட்டையெல்லாம் நனைய அண்ணாந்து குடித்துப் பழகிவிட்டு வந்தாள்.

“இப்ப எனக்கும் தூக்கிக் குடிக்க வரும் டீச்சர். காட்டட்டா?” என்று கேட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நேராக ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் நல்ல மனுஷர். பதறிப் போனார். “கொழந்தை கையில வாங்கிக் குடிக்கறதாவது! நான் பார்த்துக்கறேம்மா” என்றார். அடுத்த நாளே தன் கைக்காசில் புத்தம் புது எவர்சில்வர் டம்ளர் ஒன்று வாங்கி வந்து, தனியாக ஒரு ஆணி அடித்து, அதில் மாட்டிவிட்டார். ஜெய்புன்னுக்கென்று. மற்றவர்களின் பித்தளை டம்ளர் அதன் பக்கத்தில் பஞ்சப் பரதேசி மாதிரி இருந்தது. அவர் மனசார நல்லதுதான் செய்தார்.

ஜெய்புன் அந்த டம்ளரைத் தொடவே இல்லை. அன்றையிலிருந்து பள்ளியில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள்.

3

கொஞ்சம் இந்தப் பக்கம் வருகிறேன். இதை எழுத உட்கார்ந்த இரண்டு நாளில் எங்கள் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கிற வேலை வந்துவிட்டது. அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா. மூன்று மணிக்கு வா என்றார். நானும் என் கணவரும் மத்தியானம் மூன்று மணிக்கு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு போய் நின்றோம். கதவு சாத்தியிருந்தது. இங்கே சூரியன் உதித்ததிலிருந்துதான் மணி எண்ணுவார்கள். அவர்கள் மூன்று மணி என்றால் நமக்குக் காலை ஒன்பது. இத்தனை வருஷம் இருந்தும் இந்தத் தப்பு எனக்கு இன்னும் போகவில்லை. மறுநாள் குமாஸ்தா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. கோதைதான் எங்களுக்காக அவர் பாஷையில் மன்னிப்புக் கேட்டாள்.

திரும்பும்போது, “உனக்கு மட்டும் எப்படிடி இதெல்லாம் மறக்காம இருக்கு?” என்றேன்.

“எனக்கு இதுதானேம்மா மணி” என்றாள்.

திருச்சி அவளுக்கு நான் சொல்கிற கதைகளில் வருகிற ஓர் ஊர், அவ்வளவுதான். சில நாள் இதை நினைத்தால் கஷ்டமாக இருக்கும். வேறு சில நாள், அவள் எந்தத் தயக்கமும் இல்லாமல் நாலு வீட்டில் நுழைந்து சாப்பிட்டுவிட்டு வருவதைப் பார்த்தால் இதுவும் நல்லதுதானே என்று தோன்றும்.

4

ஸ்ரீரங்கத்தில் அந்த நாட்களில் நான் நடத்திக்கொண்டிருந்த பாடம் ஒரு போர்க் கதை. சண்டை முடிந்துவிட்டது. தோற்ற படையின் வீரர்களைக் கைதிகளாகக் கட்டி, பொட்டல் காட்டு வழியே நடத்திக்கொண்டு போகிறார்கள். வெயில். கைதிகள் வெறுங்காலோடு தள்ளாடுகிறார்கள். குதிரையில் போன தளபதி அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் குதிரையிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றி, கோட்டை வரைக்கும் அவர்களோடு நடக்கிறான். கதை அவ்வளவுதான். வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

முதலில் எழுந்தவன் சம்பத். எதற்கெடுத்தாலும் லாபம் என்ன என்று கேட்கிற பையன். “இவன் இறங்கி நடந்ததால கைதிக்கு என்ன டீச்சர் லாபம்? அவன் கால் சுடறது நின்னுடுமா?” என்றான்.

“குதிரையை ஒரு கைதிக்குக் கொடுத்திருக்கணும். அதுதான் பெரிய மனசு. இது சும்மா வேஷம்” என்றாள் ரங்கநாயகி. வீட்டில் நாள் தவறாமல் பெருமாளுக்குப் பூக்கட்டிக் கொடுத்துவிட்டு வருகிற பெண். வகுப்பில் அவள் வைத்ததுதான் சட்டம். மற்றவர்களும் குதிரை, குதிரை என்று கத்த ஆரம்பித்தார்கள்.

அதுவரை வாய் திறக்காத ஜெய்புன் எழுந்தாள். “குதிரையைக் கொடுத்திருந்தா அந்தக் கைதி மட்டும் தனியா மேல உக்காந்திருப்பான். எல்லாரும் அவனையே பார்ப்பாங்க. அதுக்கு நடக்கறதே தேவலைன்னு இருந்திருக்கும். கூட ஒரு ஆள் நடந்தா, கால் சுட்டாலும் அவமானமா இருக்காது டீச்சர்” என்றாள்.

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்தது. பிள்ளைகளுக்கும் புரிந்திருக்குமோ என்று முகங்களைப் பார்த்தேன். ரங்கநாயகி எதிர்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் உட்கார்ந்தாள். அவள் பேச்சை விழுங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த வாரமே டிரில் பீரியடில், கத்திரி முடிந்தும் ஆறாத வெயிலில், ஜெய்புன் மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தோம். காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை என்றாள். மறுநாள் அவள் இடம் காலியாக இருந்தது. அதற்கு மறுநாளும்.

5

சாயங்காலம் காதர் பாய் கடைக்குப் போனேன். பங்க்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலைப் போட்டார்.

“வாங்க டீச்சர். உக்காருங்க.”

“ஜெய்புன் எப்படி இருக்கா பாய்?”

“நல்லா இருக்கா. திங்கக்கிழமை வந்து பேரை எடுத்துட்டுப் போயிடலாம்னு இருக்கேங்க.”

நான் படபடவென்று பேச ஆரம்பித்தேன். ஹெட்மாஸ்டர் நல்லவர், மாமியும் நல்லவர்தான், ஒரு டம்ளருக்காகப் படிப்பை விடலாமா என்றெல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“நல்ல டம்ளர்தாங்க. எங்க வீட்லகூட அப்படி ஒண்ணு இல்ல. அதுதான் கஷ்டமா இருக்கு” என்றார். துணியில் மறுபடி கையைத் துடைத்துக்கொண்டு, “அவங்க அதட்டி இருந்தா நானும் போய்ச் சத்தம் போட்டிருப்பேன். அன்பா செஞ்சிருக்காங்க. அன்புக்கு எதிரா என்னன்னு சண்டை போடறது, சொல்லுங்க? வீட்ல எல்லார் சொல்லையும் தட்டிட்டுத்தான் பிள்ளைய அனுப்பினேன். இப்ப அவங்க சொன்னதுதான் சரின்னு ஆயிப்போச்சு” என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் பிள்ளைகள் கேட்டார்கள். திங்கட்கிழமை அவள் அப்பா வந்து பெயரை எடுக்கப் போகிறார், இனி வர மாட்டாள் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு ஆச்சரியம். கடைசி பெஞ்சிலிருந்து யாரோ “தண்ணி” என்று மெதுவாகச் சொன்னார்கள். இத்தனை நாளும் அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அன்றைக்கு நான் ‘யார் தைரியசாலி’ என்று எதுவும் கேட்கவில்லை; உபதேசமும் செய்யவில்லை. அடித்துச் சொல்கிறேன், அடுத்து நடந்ததில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. ஒரு கதையைப் படித்துக் காட்டினேன், அவ்வளவே. அதை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் என்ன செய்வார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

6

இங்கேயும் ஏழாம் வகுப்புக்கு நான் கதைகள்தான் சொல்கிறேன். அதே கேள்வியைத்தான் கேட்கிறேன். போர்வையைப் போர்த்திக்கொண்டு மலையேறி வருகிற இந்தப் பிள்ளைகளும் அப்படியேதான் சண்டை போடுகிறார்கள். எங்கள் பள்ளியின் டைரக்டர், இலக்கியம் நடத்தினால் பிள்ளைகளுக்குத் தைரியம் வருமா என்று ஒரு நாள் என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. பன்னிரண்டு வயதில் மனிதர்களுக்குள் ஏதோ ஒன்று இருக்கிறது. பெரியவர்கள் நாம் விதிகளையும் வேலையையும் நாலு பேர் வாயையும் நினைத்துத் திணறி நிற்கிற இடத்தில், அவர்கள் ஒரு வழியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று இத்தனை வருஷமாக யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. அந்தத் திங்கட்கிழமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

7

காதர் பாய் காலையிலேயே வரவில்லை. இடைவேளைக்குச் சற்று முன்னால்தான் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நின்றார்கள். அங்கிருந்து பார்த்தால் தண்ணீர் அண்டா நேரே தெரியும். ஜெய்புன் புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றாள். நானும் அங்கே போய் நின்றேன். ஹெட்மாஸ்டர் எதையும் எழுதத் தொடங்காமல் பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தார்.

மணி அடித்தது. வழக்கமாக ஏழாம் வகுப்பு ஓடி வந்து அண்டா மேல் விழும். அன்றைக்கு வரிசையாக வந்தார்கள். முன்னால் ரங்கநாயகி. மாமி டம்ளரை நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. பாவாடையை ஒதுக்கிவிட்டுக் குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டினாள்.

“ஏண்டி, டம்ளருக்கு என்ன வந்தது?”

“டம்ளர் வேண்டாம் மாமி. கையில ஊத்துங்கோ.”

“என்னடி கூத்து இது? ஆத்துல தெரிஞ்சா என்னை வைவா.”

“என்னன்னு வைவா? பெருமாள் சன்னிதியில தீர்த்தம் கையிலதானே வாங்கிக்கறோம்? இதுவும் காவிரித் தண்ணிதானே? ஊத்துங்கோ மாமி, தாகமா இருக்கு.”

மாமி ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. திறந்து என்ன சொல்ல முடியும்? ஸ்ரீரங்கத்தில் ஒரு குழந்தை கையேந்தித் தண்ணீர் வாங்குவதை எந்தச் சாஸ்திரத்தை வைத்துத் தடுப்பது? ஒரு விதியையும் அவள் மீறவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. மாமியின் வேலைக்குக்கூட ஆபத்து இல்லாமல் பார்த்துக்கொண்டாள்.

மாமி ஊற்றினார். ரங்கநாயகி குடித்தாள். பாதித் தண்ணீர் முழங்கை வழியாக ஓடிப் பாவாடையை நனைத்தது. அவளுக்கு அப்படிக் குடித்துப் பழக்கமில்லை. அடுத்து சம்பத். அவனுக்கு மூக்கில் ஏறி இருமல் வந்துவிட்டது. அப்புறம் அடுத்தவள், அடுத்தவன். ஒருவர் பாக்கியில்லாமல், வகுப்பு முழுவதும், குனிந்து கையேந்திக் குடித்தது. ஒருவர்கூட ஜெய்புன் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. வா என்று கூப்பிடவில்லை. ஒருவர் முகத்திலும் நாங்கள் செய்வதைப் பார் என்கிற பெருமை இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிற பிள்ளைகள், அவ்வளவுதான்.

ஜெய்புன் தலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பையை அப்பாவின் காலடியில் வைத்தாள். போய் வரிசையின் கடைசியில் நின்றாள்.

அவள் முறை வந்தது. குனிந்து கையை நீட்டினாள். மாமி பழக்கத்தில் செம்பை உயரத் தூக்கினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமியின் கை அப்படியே நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கி, ஜெய்புன்னின் விரல்கள் மேல் செம்பின் விளிம்பு தொட்டுவிடும் போல வந்தது.

“மெதுவாக் குடி. மூக்குல ஏறிடப் போறது” என்றார் மாமி.

அவள் குடித்தாள். எத்தனை நாள் தாகமோ. கை காலியானதும் மறுபடி நீட்டினாள். “இன்னும் கொஞ்சம் மாமி.”

காதர் பாய் தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. எனக்கு மட்டும் என்ன, புடவைத் தலைப்பு முழுக்க நனைந்துவிட்டது. ஹெட்மாஸ்டர் மூக்கைச் சிந்திக்கொண்டு பேனாவை எடுத்தார்.

“என்ன பாய், எழுதட்டுமா?” என்று கேட்டார்.

இடைவேளை முடிந்து மணி அடித்தது. ஈரக் கைகளைச் சட்டையிலும் பாவாடையிலும் துடைத்துக்கொண்டு ஏழாம் வகுப்பு உள்ளே போய்க்கொண்டிருந்தது. காதர் பாய் குனிந்து பையை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். ஓடி வந்த மகளின் தோளில் மாட்டிவிட்டு, ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

“சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேங்க” என்றார்.